பேட்டரி முனைகளில் பூக்கும் உப்பு: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு முறை சுரண்டி எடுத்த பிறகும் வண்டி பேட்டரியின் நேர்முனையில் நீலப் பச்சையாக உப்புப் பூத்துக்கொண்டே இருக்கிறது. என்ன காரணம்?

வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் காரீய சல்பேட்; நீலப் பச்சை, ஆசிட் கேபிளின் செம்பை அரிப்பதால் உண்டாகும் செம்பு உப்பு. ஆகவே ஆசிட் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைக் கண்டறியாமல் சுரண்டுவது வீண் வேலை. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 15ஐத் தாண்டியே நின்றால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி, மிகைச் சார்ஜில் பேட்டரி கொதித்து ஆசிட் ஆவியைக் கக்குகிறது என்று கொள்ளலாம். வோல்டேஜ் சரியாக இருந்தால், முனையின் அடியை நன்றாகத் துடைத்துவிட்டுச் சில நாட்கள் கழித்து அங்கே சமையல் சோடாக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால், காரீய முனைக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் இடையிலுள்ள அடைப்பு விட்டுப்போய் ஆசிட் கசிகிறது. அதற்கு எந்தக் கிரீஸும் மருந்தாகாது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: முனையில் வாசலினைத் தடவிவிட்டு, கேபிளை அதோடு பிணைக்கும் கிளாம்பை மாட்டலாமா?

மாட்டி இறுக்கிய பிறகு, வெளிப்புறம் முழுவதும் மூடும்படி தடவுங்கள். வாசலின் மின்சாரத்தைக் கடத்தாது. காற்றையும் ஈரத்தையும் தடுப்பது மட்டுமே அதன் வேலை. உள்ளே உலோகத்தோடு உலோகம் பளிச்சென்று படிந்திருக்க வேண்டும்.

கேள்வி: குளிர்பானம் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்களே?

அதுவும் அமிலம்தான், போதாததற்குச் சர்க்கரைப் பிசுக்கு வேறு. ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போதும். கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். நேர்முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்ட நொடியில் பொறி பறக்கும்.

கேள்வி: மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லரின் பேட்டரிக்கு என்ன செய்வது?

எதிர்முனையைக் கழற்றி வையுங்கள்; மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். கிளாம்பை ஒட்டிய கேபிளின் உறையைச் சிறிது உரித்துப் பாருங்கள். கம்பிகள் கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது முனை பொருத்துங்கள். அந்த பேட்டரிதான் டிரெய்லர் கழன்று ஓடும்போது பிரேக்கை இயக்குவது என்றால், வண்டியில் பூட்டி இழுப்பதற்கு முன் மறவாமல் மீண்டும் இணைத்துவிடுங்கள்.