மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், ஒரு கேரேஜுக்குள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டு கேரேஜ் இப்போது காலி. ஐந்தரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனை அப்படியே மாடலாகச் செய்ய ஆசை. காந்தி இறக்கிவிடப்பட்ட இடம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, என் கொள்ளுத்தாத்தா அங்கே என்ஜின் ஷெட்டில் சாம்பல் அள்ளியவர். மின்சார என்ஜின் வந்த புதிதிலும் வேலையில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். மூன்று முறை பிளான் வரைந்துவிட்டேன். மூன்று முறையும் பிளாட்பாரம் சுவரைத் தாண்டிப் போகிறது. எந்த அளவில் செய்வது, எதை விடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பிளாட்பாரம் சுவரைத் தாண்டுவதை அப்புறம் பார்ப்போம். முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. காந்தியை இறக்கிவிட்டது 1893 ஜூன் 7 இரவு. அன்று தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி கிடையாது, முழுக்க நீராவிதான். உங்கள் கொள்ளுத்தாத்தா பார்த்த மின்சார என்ஜின் வந்தது 1920களின் நடுவில். வடக்கே உள்ள க்ளென்கோ ஊரிலிருந்து மாரிட்ஸ்பர்க் வரை 3,000 வோல்ட் கம்பி இழுத்து, 1இ (1E) வகை மின்சார என்ஜின்களை ஓட்டினார்கள். இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் எதுவும் உண்மையாக இருக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொள்ளுத்தாத்தாவின் வருடத்தைத்தான் எடுப்பேன், பாசத்துக்காக மட்டும் இல்லை. மாரிட்ஸ்பர்க்குக்கு வடக்கே கம்பி வந்துவிட்டது. டர்பன் பக்கம் 1930களின் பின்பாதி வரை நீராவி. அதனால் ஏறக்குறைய பத்து வருடம், டர்பனிலிருந்து கரிப்புகையோடு வந்த வண்டியை இங்கே மின்சார என்ஜின் வாங்கிக்கொண்டு, ஊரைத் தாண்டியதும் வரும் ஹில்டன் மலை ஏற்றத்தில் ஏறியது. வந்த என்ஜினைக் கழற்றி ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், கரியும் தண்ணீரும் நிரப்ப வேண்டும், அதற்குள் மற்றதைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ஒரே ஒரு வண்டி வந்து போனாலும் கையில் கால் மணி நேர வேலை இருக்கும். சின்ன இடத்துக்கு இதைவிட நல்ல ஸ்டேஷன் நேட்டால் மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

இனி அளவு. நம் தென்னாப்பிரிக்காவில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1,067 மில்லிமீட்டர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் பாதைக்கு அது பொருந்த வேண்டும் என்றால் 65இல் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். 87இல் ஒரு பங்காகச் செய்தால் 12 மில்லிமீட்டர் பாதை வேண்டும். லீமா என்ற மாடல் ரயில் கம்பெனி நம் ஊர் வண்டிகளை 87இல் ஒரு பங்காகச் செய்து 16.5 பாதையில் ஓடவிட்டது. நம்மில் பலர் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஆனால் முன்னால் நின்று பார்த்தால் என்ஜின் அகலமாகக் காலை விரித்து நிற்கும். அந்தப் பாதை நிஜத்தில் 1,435 மில்லிமீட்டருக்குச் சமம். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதை மறக்க முடியாது.

எதை எடுப்பது என்பதை நேட்டாலின் வளைவே சொல்லிவிடும். டர்பன் மாரிட்ஸ்பர்க் பழைய பாதையில் 300 அடி ஆர வளைவுகள் இருந்தன, ஏற்றம் முப்பதுக்கு ஒன்று. 300 அடி என்றால் 91 மீட்டர். அதை 65ஆல் வகுத்தால் 1.4 மீட்டர். அரைவட்டத்துக்கு 2.8 மீட்டர் அகலம் வேண்டும், உங்கள் கேரேஜில் இடமில்லை. 87ஆல் வகுத்தால் 1.05 மீட்டர். அரைவட்டம் 2.1 மீட்டரில் அடங்கிவிடும். வேறு நாட்டு மெயின் லைனை மாடல் செய்கிறவர்கள் வளைவைப் பாதியாக, கால்வாசியாகக் குறுக்கித்தான் ஆக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயமில்லை. மலைகளுக்கு நடுவே மலிவாகப் பாதை போட அந்தக் காலத்தில் வளைத்து வளைத்துப் போட்டார்கள், அதன் பலன் உங்கள் கேரேஜுக்கு. ஆகவே 87, 12 மில்லிமீட்டர் பாதை.

ஏற்றமும் உதவும். முப்பதுக்கு ஒன்று என்றால் மூன்று மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஏறிவிடும். ஹில்டன் பக்கம் போகும் பாதையைச் சுவரோரமாக இந்தச் சாய்விலேயே ஏற்றினால், அதற்கு அடியில் டர்பன் வண்டிகளை ஒளித்து நிறுத்த இடம் கிடைக்கும். ஆனால் பலகையை அறுக்கும் முன், ஒரு நீளப் பலகையில் பாதை போட்டு அதே சாய்வில் வைத்து, என்ஜின் எத்தனை பெட்டியை இழுக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் கட்டினேன், நாலு பெட்டியிலேயே சக்கரம் வழுக்கியது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட ஒரு வருடம் போயிற்று.

இப்போது உங்கள் பிளாட்பாரத்துக்கு வருகிறேன். ஒரு மெயின் லைன் பெட்டி சுமார் 19 மீட்டர், மாடலில் 22 சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டி வண்டி 2.6 மீட்டர். இரண்டு முனையிலும் வளைவுக்கு ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும், பாதை பிரியும் இடத்துக்கும் நீளம் வேண்டும், அதனால்தான் சுவரை இடிக்கிறது. வண்டியை ஆறு பெட்டியாக்குங்கள், பிளாட்பாரத்தையும் அதே கணக்கில் குறையுங்கள். நீளத்தைக் குறைக்கலாம், வரிசையை மாற்றக் கூடாது. டர்பனிலிருந்து வரும்போது எது முதலில் கண்ணில் படும், ஷெட்டுக்குப் போகும் பாதை எங்கே பிரியும், தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், சிவப்புச் செங்கல் கட்டடம் எந்தப் பாதையைப் பார்த்து நிற்கும், இவை இருக்கும் இடத்தில் இருந்தால் பார்க்கிறவர் உடனே "இது மாரிட்ஸ்பர்க்" என்பார். கூட்ஸ் யார்டில் பெட்டிகளை நிறுத்தும் பக்கப் பாதைகள் (சைடிங்) எட்டு இருந்தால் மூன்று போதும். ஆனால் பாதை பிரியும் இடங்களில் வரும் பாயிண்டுகளைக் குட்டையாக்காதீர்கள். பிளாட்பாரத்துக்குள் நுழையும் பாயிண்ட் நீளமாக இருந்தால்தான் பெட்டிகள் நெளியாமல் வழுக்கிக்கொண்டு வரும்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைய வேண்டாம், அது இன்றைய ஸ்டேஷன். அரசு விமானப் படங்கள் 1930களிலிருந்து எடுக்கப்பட்டவை, கேப் டவுனில் மௌப்ரேயில் உள்ள நில வரைபட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் பழைய நேட்டால் அரசின் காகிதங்கள் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள டிரான்ஸ்நெட் பாரம்பரிய நூலகத்தில் ரயில்வே புகைப்படங்கள் நிறைய. புகைப்படத்தில் அளவு தெரியாவிட்டால் பெட்டியையே அளவுகோலாக வையுங்கள். அது 19 மீட்டர் என்றால் அதன் பின்னால் நிற்கும் சுவர் எவ்வளவு என்று போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாடல்களில் கோட்டு போட்ட பயணிகள் இருப்பார்கள், தொப்பி போட்ட கார்டு இருப்பார், நம் ஆட்கள் இருக்க மாட்டார்கள். நேட்டால் ரயில்வே நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக வாங்கிப் பாதை போட வைத்தது. ஜல்லி கொட்டியதும் கட்டை தூக்கியதும் அவர்கள். 1924இல் பதவிக்கு வந்த அரசு, ரயில்வே வேலைகளை வெள்ளையருக்குக் கொடுக்கும் கொள்கையைக் கொண்டுவந்தபோது இந்தியர் பலரின் வேலை போயிற்று. உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்குப் பிறகும் அங்கே இருந்தவர். 87இல் ஒரு பங்கில் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த இரண்டு சென்டிமீட்டர் நிற்க இடம் வேண்டும் அல்லவா? பாதைக்கு நடுவே செங்கல் கட்டிய சாம்பல் குழி, பக்கத்தில் குவியல், ஒரு மண்வெட்டி, ஒரு தண்ணீர்க் குழாய். பலரும் இதைக் கடைசியில் மிச்ச இடத்தில் ஒட்டிவைப்பார்கள். நாலாவது பிளானில் நீங்கள் இதை முதலில் வரைந்துகொண்டு, மற்றதை அதைச் சுற்றிப் போடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். வேலைக்கு எந்தப் பக்கமாக நடந்து போவார், ஷெட்டுக்குள் நுழைய எத்தனை தண்டவாளம் தாண்டுவார் என்று. வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்