மஹோ கடற்கரையில் வேலியைப் பிடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்குக் கரீபியன் கடலில் உள்ள சின்ட் மார்ட்டின் தீவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஊர் சுற்றிப் பார்ப்பதெல்லாம் பெயருக்குத்தான். அங்கே மஹோ கடற்கரையில் நின்று, தலையை உரசுவதுபோல இறங்கும் விமானங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. அதோடு விமான நிலைய வேலியைப் பிடித்துக்கொண்டு, விமானக் காற்றில் கொடிபோல ஆட வேண்டுமாம். எட்டு வயது மகனும் அப்பாவோடு சேர்ந்து துள்ளுகிறான். விமானத்தின் சக்கரம் அலையைத் தொடுவதுபோன்ற ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். விமானம் தாழப் பறந்தால் பங்கருக்குள் ஓடிப் பழகிய உடம்பு. இப்போதும் டொரன்டோவில் விமான சாகசக் காட்சி நடக்கும் நாள்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பேன். கணவர் "வீண் பயம்" என்கிறார். என் அம்மாவும் எங்களோடு வருகிறார். விமானங்கள் அவ்வளவு தாழ இறங்குவது ஆபத்தில்லையா? நான் இவரைத் தடுப்பதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா?
(பெயர் வேண்டாம்), ஸ்கார்பரோ

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் இறங்கும் விமானத்துக்குப் பயப்படுகிறீர்கள். அவரோ புறப்படும் விமானத்துக்குப் பயப்படாமல் இருக்கிறார். எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

முதலில் இறங்குவதைச் சொல்லிவிடுகிறேன். ஜெட் விமானங்கள் பொதுவாக மூன்று டிகிரி சரிவில் இறங்கும். அதாவது 100 மீட்டர் முன்னே வந்தால் சுமார் 5 மீட்டர் கீழே வரும். ஓடுதளம் தொடங்கும் கோட்டை அதன் வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியைத் தாண்டும்போது விமானம் ஏறத்தாழ 50 அடி, அதாவது 15 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான கணக்கு. உங்கள் டொரன்டோவின் பியர்சன் விமான நிலையத்திலும் அதே கணக்குத்தான். ஆனால் அங்கே படிக்கு முன்னால் புல்வெளி, வேலி, ஆள் நடமாட்டமில்லாத நிலம் என்று நீளமாகக் கிடக்கிறது. மஹோவில் படிக்கு முன்னால் ஒரு வேலி, ஒரு சாலை, கொஞ்சம் மணல், பிறகு கடல். விமானம் வழக்கமான உயரத்தில்தான் வருகிறது. குளிக்க வந்தவர்கள்தான் அதன் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

ஆகவே மணலுக்கு மேலே விமானம் 15, 20 மீட்டர் உயரத்தில் கடக்கும். நன்றாக வளர்ந்த தென்னையின் உயரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போயிங் 737 விமானத்தின் இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறக்குறைய 36 மீட்டர். தென்னை உயரத்தில், இரண்டு தென்னை அகலத்துக்கு ஒரு பொருள் வானத்தை மறைத்துக்கொண்டு போனால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். போதாக்குறைக்கு, தொலைவிலிருந்து ஜூம் லென்ஸ் வைத்து எடுக்கும் படங்களில் விமானமும் மனிதத் தலைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும்.

கடல் பக்கமிருந்தே ஏன் வர வேண்டும் என்று உங்கள் மகன் கேட்பான். அந்தத் தீவில் ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. விமானம் எதிர்காற்றில் இறங்குவதுதான் முறை. அதனால் மேற்கே கடல்மீது வந்து, கிழக்கு முகமாக இறங்குகிறது. ஓடுதளத்தின் நீளம் 2,300 மீட்டர்தான். பியர்சனில் மிக நீளமானது 3,300 மீட்டருக்கும் மேல். மஹோவில் இருப்பது 1942இல் உலகப் போர்க்காலத்துக்குப் போட்ட ஓடுதளம். பிறகு பயணிகளுக்கான நிலையமாகி, அங்கே வந்திறங்கிய நெதர்லாந்து இளவரசி யூலியானாவின் பெயரைத் தாங்கியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை என்றால் எந்த விமானிதான் ஓடுதளத்தின் நீளத்தை வீணாக்குவார்? படியைத் தாண்டி, சக்கரம் வைக்க வேண்டிய இடத்தைத் தவறவிடாமல் இறங்கத்தான் பார்ப்பார்.

(உங்கள் கணவர் ஜம்போவைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கேஎல்எம் நிறுவனத்தின் 747 அங்கே வருவது 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. சுவரொட்டியில் பார்த்த நீல விமானம் அதுதான். ஐரோப்பாவிலிருந்து பெரிய விமானங்கள் இன்றும் வருகின்றன, ஆனால் அந்த மேல்தளக் கூனல் உள்ள விமானம் வராது.)

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் படத்துக்கு வருகிறேன். அது 2017 மார்ச் 7ஆம் தேதி நடந்த சம்பவத்தின் படமாக இருக்கலாம். உங்கள் ஊரிலிருந்து போன போயிங் 737தான். கடல்மீது திடீரென்று மழை திரண்டு பார்வையை மறைத்தது. ஓடுதள விளக்குகளின் வெளிச்சம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. சரிவு சரியா என்று காட்டும் பாப்பி விளக்குகளும் மங்கலாக இருந்தன. ஓடுதளத்துக்குப் பக்கத்திலிருந்த ஹோட்டல் கட்டடத்தை விமானிகள் ஓடுதளம் என்று எண்ணிவிட்டார்கள். விமானம் தண்ணீருக்கு மேலே 40 அடி, அதாவது 12 மீட்டர்வரை இறங்கிவிட்டது. ஓடுதளத்துக்கு இன்னும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அந்த இடத்தில் அது 40 மீட்டருக்கு மேலே இருந்திருக்க வேண்டும். விமானி அறையில் எச்சரிக்கைக் குரல் ஒலித்தது, விமானிகள் மூக்கை உயர்த்தி மேலே ஏறிப் போனார்கள், பிற்பாடு பத்திரமாக இறங்கினார்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து அறிக்கையும் வெளியிட்டிருக்கிறது. உண்மையிலேயே ஆபத்தான தாழ்வு என்றால் இதுதான். அன்றாடம் மணலுக்கு மேலே தென்னை உயரத்தில் போவதை இதோடு சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் கணவரின் விமானம்.

என் இளமையில் சில ஆண்டுகள் ஒரு விமான நிலையத்தில் தரைப் பணியில் இருந்தேன். ஒரு மாலை, நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கிய 737 ஒன்று, அசையாமல் முரண்டு பிடித்த சக்கரத்தைக் கிளப்ப எஞ்சினைக் கொஞ்சம் கூட்டியது. கொஞ்சம்தான், முழு வேகத்தில் கால்வாசிகூட இருக்காது. பின்னால் வெறுமையாக நின்ற பெட்டி டிராலி தானாக உருண்டுபோய் ஏணி வண்டியில் மோதியது. பறந்த தொப்பியைப் பிடிக்கத் திரும்பிய என் கூட்டாளி குப்புற விழுந்தான். மண்ணெண்ணெய் வாடையோடு அடுப்பைத் திறந்ததுபோல ஒரு சூடு. எழுந்தபோது அவனுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் பொடிக் கற்கள் பதிந்திருந்தன. முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். ஜெட் பிளாஸ்ட் என்று பாடத்தில் படித்தது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மஹோவில் நடப்பதைக் கவனியுங்கள். ஓடுதளத்துக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்கும் தனி வழி கிடையாது. புறப்படும் விமானம் ஓடுதளத்திலேயே கடற்கரையை நோக்கி ஊர்ந்து வரும். வேலிக்கு அருகே வந்ததும் அங்கேயே திரும்பி, வாலைக் கடற்கரைக்குக் காட்டி நிற்கும். எதிரே மலை இருப்பதால் வேகமாக எழும்பியாக வேண்டும். ஆகவே எஞ்சின் முழு மூச்சில் இரையும். அந்த நேரத்தில்தான் ஆள்கள் வேலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களைக் காற்றில் விட்டு விளையாடுகிறார்கள். இறங்கும் விமானத்தின் எஞ்சின் அவ்வளவு விசையோடு ஓடுவதில்லை. அது நொடியில் கடந்தும் போய்விடும். புறப்படும் விமானமோ நின்ற இடத்தில் நின்று உங்கள் முகத்தில் ஊதும்.

2017 ஜூலை 12ஆம் தேதி, நியூசிலாந்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர். புறப்பட்டதும் ஒரு 737தான், ஜம்போ அல்ல. பிடி நழுவிப் பின்னால் எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அதற்கு முன்னாலும் அங்கே பலருக்குக் காயம் பட்டிருக்கிறது. கடுமையான காயம் படலாம், உயிரும் போகலாம் என்று வேலியிலேயே பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு வேலியைப் பிடிக்கிறவர்களை என்னவென்று சொல்வது? வேலிக்குப் பின்னால் மெத்தை விரித்திருக்கவில்லை, சகோதரி. சாலையும் சிமென்ட்டும்தான்.

உங்கள் கணவர் நல்ல பலசாலியாக இருக்கலாம். எட்டு வயதுப் பையன் 25 கிலோ இருப்பானா? அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேலிப் பக்கம் போக நினைத்தால், அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சண்டை போடலாம். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது இல்லை. ஆனால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். அவர் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். பேச்சு யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும், வேலி மறந்துபோகும். இறங்குவதை எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம், புறப்படுவதை ஓடுதளத்தின் நேர்கோட்டில் நின்று பார்ப்பதில்லை என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கடற்கரையில் வைத்துப் பேச முடியாது, காது கேட்காது.

அடையாளமும் சுலபம். ஓடுதளத்தில் ஒரு விமானம் மூக்கை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வருகிறதா? துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருங்கள். அது திரும்பி வாலைக் காட்டும்போது நீங்கள் நால்வரும் கடற்கரையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் நிற்பவர்களுக்கு மணல் ஊசிபோலக் குத்தும். தொப்பி, கண்ணாடி, கைப்பேசி எல்லாம் கடலுக்குப் போகும். பையன் பட்டமோ ட்ரோனோ கொண்டுவரக் கேட்டால், விமானப் பாதையில் அந்தப் பேச்சே கூடாது. அவனுக்கு நல்ல காது மூடி ஒன்று வாங்கிவிடுங்கள், உங்களுக்கும்தான். அருகிலுள்ள மதுக்கடையில் அலைச்சறுக்குப் பலகை ஒன்றை நட்டு, எந்த விமானம் எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

உங்கள் பயத்தைப் பற்றி எழுதத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். அதை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பொம்பர் சத்தம் கேட்டதும் குழிக்குள் இறங்கியதால்தான் பலர் இன்று ஸ்கார்பரோவில் பிள்ளை வளர்க்கிறார்கள். மூன்று டிகிரிக் கணக்கையெல்லாம் உடம்பு கேட்காது. கடற்கரையில் கை நடுங்கினால் அது உங்கள் குற்றமல்ல. அன்றைக்கு நீங்கள் ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு அப்பாவையும் மகனையும் மட்டும் அனுப்பினாலும் குறைவில்லை, பேசி முடித்ததை அவர் மீற மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால். அம்மாவிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். விடுமுறை, கடற்கரை என்று சொல்லி அழைத்துப் போய், எதிர்பாராமல் தலைக்கு மேலே அந்த இரைச்சலைக் கேட்க வைத்துவிடாதீர்கள். அவர் குழிக்குள் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடியவர்.

போவதென்றே முடிவு செய்தால், இரண்டு பேரும் கடலைப் பார்த்து உட்காருங்கள். ஓடுதளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்து விழும். கடலைப் பார்த்தால், மேற்கே வானத்தின் அடியில் முதலில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அது தலைக்கு மேலே வந்து சேர இரண்டு நிமிடமாவது ஆகும். விளக்கு, இறக்கை, சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். ஊரில் கேட்ட விமானம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. போதும் என்று அம்மா நினைத்தால், எழுந்து நடந்துபோக அந்த இரண்டு நிமிடம் போதும்.