டஸ்கீகி ஆய்வு: நோயை ஊசி போட்டு ஏற்றினார்களா?

டஸ்கீகி ஆய்வு என்பது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை கறுப்பின ஆண்களிடம் சிபிலிஸ் என்ற பால்வினை நோயைச் சிகிச்சை தராமல் கவனித்துவந்த ஆய்வு. அதில் நோயை ஊசியால் ஏற்றினார்களா என்று கேட்டிருந்தீர்கள்; நீங்கள் பார்த்த இரண்டு பக்கங்கள் வேறுவேறாகச் சொல்கின்றன என்றீர்கள். இல்லை, ஏற்றவில்லை. உங்கள் மகளின் பள்ளிச் சுவரொட்டியில் "கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் கிருமியைச் செலுத்தினார்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அலபாமாவின் மேகன் கவுண்டியில் 1932-இல் சேர்க்கப்பட்ட சுமார் 600 பேரில் 399 பேருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. அதைச் சொல்லாமல் "கெட்ட ரத்தம்" என்று மழுப்பினார்கள். 1940-களில் பெனிசிலின் வழக்கமான மருந்தான பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கும் பரிசோதனையையே "சிறப்பு இலவச சிகிச்சை, கடைசி வாய்ப்பு" என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் எல்லாவற்றையும்விடக் கொடூரமாகப் படுகிறது.

அந்த இரண்டு பக்கங்கள் முரண்படுவதற்குக் காரணம் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நடந்த வேறொரு சோதனையாக இருக்கலாம். அங்கே 1946-48-இல் அமெரிக்க மருத்துவர்கள் கைதிகள், படைவீரர்கள், மனநல நோயாளிகளுக்கு வேண்டுமென்றே நோயைத் தொற்றவைத்தார்கள். ஜான் கட்லர் என்ற மருத்துவர் இரண்டிலும் இருந்ததால் பலர் கலந்துவிடுகிறார்கள்.

சரிபார்க்க, அந்தப் பக்கத்தில் ஆண்டையும் ஊரையும் பாருங்கள். 1932 முதல் 1972 வரை, அலபாமா என்று இருந்தால் டஸ்கீகி.

ஒன்று மட்டும் கவனம். "ஊசி போடவில்லை" என்று எழுதி அதோடு நிறுத்தினால் குற்றம் சின்னதாகத் தெரியும். அவர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டதையும் அதே வரியில் சேருங்கள். அப்புறம், இன்று கறுப்பினத்தவரிடம் தடுப்பூசித் தயக்கம் தெரிந்தால் அதற்கு டஸ்கீகி மட்டுமே காரணம் என்று முடிக்க வேண்டாம். இன்றைய மருத்துவமனைகளில் அவர்கள் நடத்தப்படும் விதமும் உண்டு.