இயங்கலையில் படிக்க உட்கார்ந்தால் நேரம் எங்கே போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, இயங்கலையில் (ஆன்லைனில்) டிப்ளோமா, தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் பாடம் நகரவில்லை, நான் சோம்பேறியா என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறி இரண்டு மணி நேரம் உட்கார மாட்டான். உங்கள் நேரத்துக்கு வரப்பு இல்லை, அதுதான் கோளாறு.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு மரத்தில் பால் வெட்டத் தொடங்கியாக வேண்டும். பால் எடுக்க ஒரு நேரம், நிறுக்க ஒரு நேரம். தொடக்கமும் முடிவும் வெளியிலிருந்து வந்தன. பதிவு செய்து வைத்த விரிவுரைக்கு இரண்டுமே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் மனம் அதை 'அப்புறம்' பக்கம்தான் தள்ளும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். தலைமுறை தலைமுறையாகப் பெரட்டு மணிக்கு எழுந்த சனம் இது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை, உங்கள் கணிப்பை நம்பாதீர்கள். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். 1994இல் வெளியான ஆய்வு. சராசரி பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். முடித்தவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். படுமோசமான கணிப்பே பத்தவில்லை, பாருங்கள்.

ஆகவே ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்து ஏழு நாள் மட்டும் எழுதுங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: 'செவ்வாய், தொடக்கம் 7.10, நினைத்தது 40 நிமிடம், முடிவு 8.35, மூன்றாம் அலகு, காணொலி 2.' நாற்பது நிமிடக் காணொலி எண்பத்தைந்து நிமிடம் தின்றது என்று அப்போதுதான் தெரியும், ஏனென்றால் நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எழுதியதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வார முடிவில் ஆன நிமிடங்களை நினைத்த நிமிடங்களால் வகுங்கள். காணொலிக்குத் தனி, வாசிப்புக்குத் தனி, இடுபணி (அசைன்மென்ட்) எழுதுவதற்குத் தனி. 1.8 வந்தால் அடுத்த வாரம் எதைத் திட்டமிட்டாலும் 1.8ஆல் பெருக்குங்கள். பெரும்பாலும் இடுபணிக்குத்தான் எண் பெரிதாக வரும்.

இது எங்கே கெடும் என்றால், இரவு படுக்கப் போகும்போது நினைவிலிருந்து எழுத ஆரம்பிப்பார்கள். அது செல்லாது. நேரத்தைப் பற்றி நினைவு தரும் கணக்கு, அந்த நேரத்தில் எத்தனை மாற்றம் நடந்தது என்பதைப் பொறுத்தது. அதே நாற்காலி, அதே திரை, அதே குரல் என்றால் ஒரு வாரமே ஒரு மாலைப்பொழுதாகச் சுருங்கிவிடும். "ஒன்றுமே செய்யவில்லை" என்ற உங்கள் உணர்வில் பாதி இதனால்தான். உட்காரும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை, பேனாவால் எழுதுங்கள்.

நேரம் பார்க்கக் கைப்பேசி வேண்டாம், புலனம் (வாட்ஸ்அப்) இழுத்துக்கொண்டு போய்விடும். அலாரம் கடிகாரத்தை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிடம் அரை மணியாக இழுக்கும். முப்பது நிமிடத்தில் மணி அடித்ததும் நோட்டில் 'அடுத்து: பக்கம் 47, இரண்டாவது கணக்கு' என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள். மறுபடி உட்காரும்போது "எங்கே விட்டேன்" என்று தேடும் பத்து நிமிடம் மிச்சம்.

அடுத்தது கெடு. ஞாயிறு இரவு 11.59 என்று கெடு வைத்தால் ஞாயிறு வரை அந்த வேலை கண்ணுக்கே தெரியாது. ஏரியலி, வெர்ட்டன்பிராக் இருவரும் 2002இல் வெளியிட்ட சோதனையில், பிழை திருத்தும் வேலையை மூன்று குழுக்களுக்குக் கொடுத்தார்கள். சம இடைவெளியில் கெடு வைக்கப்பட்டவர்கள் அதிகப் பிழைகளைப் பிடித்தார்கள். தாங்களே கெடு வைத்துக்கொண்டவர்கள் அடுத்து. கடைசியில் ஒரே கெடு உள்ளவர்கள் கடைசி. நமக்கு நாமே வைக்கும் கெடு உதவும், ஆனால் பிறர் பிடித்துக் கேட்கும் கெடு அளவுக்கு இல்லை. ஆகவே கூடப் படிக்கும் ஒருவரிடம், "புதன் எட்டு மணிக்கு முதல் பாதியைப் படம் எடுத்து அனுப்புகிறேன், வராவிட்டால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். கூச்சப்படக் கூடாது.

"மனமிருந்தால் மார்க்கம் உண்டு, இதற்கெல்லாம் ஆய்வா" என்று பின்னூட்டம் போட வருவோருக்கு: மனம் இவரிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் கேள்வியே வந்திருக்காது.

ஷிப்ட் மாறுவதால் 'ஏழு மணிக்குப் படிப்பேன்' என்ற திட்டம் உங்களுக்கு ஒத்துவராது. மணியோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள்: குளித்து, பசியாறி, தட்டைக் கழுவி வைத்ததும் நோட்டைத் திறப்பது. இரவு ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த பிறகு மட்டும். அந்த வாரம் புதிய காணொலி எதையும் தொடாதீர்கள். போன வாரப் பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்து, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும், அதையும் நோட்டில் ஒரு வரியாக ஏற்றிவிடுங்கள்.