வெள்ளம் வரும் நிலத்திலும் வீடு கட்டலாம் என்று விதிகளை மாற்றுவது சரியா?

கேட்டவர் மனை தேடிக்கொண்டிருக்கிறார் போல. விதி தளர்ந்தால் விலை குறையுமே என்ற ஆசை கேள்வியிலேயே தெரிகிறது. தப்பில்லை, எனக்கும் அதே ஆசை இருந்தது.

நான் வாங்கிய வீடு 'நூறாண்டு வெள்ள எல்லைக்குள்' இருப்பதாக ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. விற்றவர், "பன்னிரண்டு வருஷம் முன்னாடிதான் வந்துச்சு, இன்னும் எண்பத்தெட்டு வருஷம் இருக்கு சார்" என்றார். கணக்கு வாத்தியார் மகனான நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு வருஷமும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம். 30 வருஷக் கடன் அடைவதற்குள் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. இதைப் பிறகுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

எனக்கு ஆறாவது வருஷமே வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பழைய வெள்ளத்தில் வாசல்படியோடு நின்றதாம். இடையில் என்ன மாறியது? பக்கத்து மனைகளில் மண் அடித்து ஒன்றரை மீட்டர் உயர்த்தி வீடு கட்டியிருந்தார்கள், எல்லாம் அனுமதியோடு. அங்கே தேங்க வேண்டிய தண்ணீர் என்னிடம் வந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் விதிப்படி சரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

அந்த வாரம் வாங்கிய மோட்டார் பம்பை, இரண்டு நாளில் தருகிறேன் என்று என் மச்சான் எடுத்துப்போனார். நாலு வருஷமாகிறது. அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார், படிக்கட்டும்.

'உனக்கு வீடு இருக்கு, மற்றவன் தெருவில் நிற்கணுமா?' என்று சிலர் கிளம்புவார்கள். விதி மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விமானத்திலிருந்து லேசரால் நிலத்தின் உயரத்தை அளக்கும் லிடார் வந்துவிட்டது, பழைய வரைபடத்தைத் திருத்தத்தான் வேண்டும். திருத்தினால் வெள்ள எல்லைக்கோடு சில இடங்களில் ஆற்றுப் பக்கம் நகரும், சில இடங்களில் ஊருக்குள் வரும். முதலாவதை மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமில்லை. வெள்ளம் வேகமாக ஓடும் பாதையில் கட்டவே கூடாது. ஓரத்தில் தேங்கும் பகுதியில், அடித்த மண்ணுக்கு ஈடாக வேறு இடத்தில் தோண்டிவிட்டு, தரையை உயர்த்திக் கட்டலாம். கூடவே வெளியேறும் சாலையும் உயரமாக இருக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டர் ஓடுதண்ணீர் போதும், காரை அடித்துக்கொண்டு போய்விடும்.

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். அதன்பின் நைமேகன் நகரில் ஆற்றுக்கு இடம்விட, வெள்ளத் தடுப்புக் கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள், அதற்காக ஐம்பது வீடுகள்வரை போயின. இருக்கிற வீட்டை இடிப்பதைவிடக் கட்டாமல் விடுவது மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியாளர்கள் மறுக்கலாம், நான் பொறியாளன் இல்லை.

சரி, மனை பார்க்கப் போகும்போது தரகரை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். என் கூடத்துச் சுவரில் அந்தக் கறைக்கோடு அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. டப்பா வாங்கி வைத்து எட்டு மாதமாகிறது, இன்னும் திறக்கவில்லை.