ஜார்ஜ் டவுன் ஏன் சென்னையின் வணிக மையம் என்ற இடத்தை இழந்தது?

நீங்கள் ஜார்ஜ் டவுன் என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் சென்னைக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் வருவது அபூர்வம். "பாரீஸ் போயிட்டு வரேன்" என்பார்கள். 1788இல் தாமஸ் பாரி சென்னையில் வியாபாரம் தொடங்கினார், அவர் கம்பெனி இருந்த முனை பாரிமுனை, பேச்சில் அது பாரீஸ். ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் ஆறு வருஷம் பில் போட்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். ஒரே நாளில் எதுவும் போகவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

முதலில் வியாபாரம் அங்கே வந்ததற்குக் காரணம் கப்பல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டும்வரை கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கும் ஆளும் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். இறங்கிய இடத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, அதை ஒட்டிக் கிடங்கு, கம்பெனி, பாங்கு எல்லாம். பழைய ஊர் இன்றைய ஹைகோர்ட் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1758இல் மறுபடியும் வந்து முற்றுகை போட்டார்கள். கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொள்ள வசதி என்று ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே இடித்துத் தள்ளி, முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் வடக்கே நகர்த்தினார்கள், அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். அப்புறம் அதைச் சுற்றி ஒரு மதில், அந்தச் செலவுக்கு வரி போடலாம் என்று ஒரு யோசனை. வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு, என்ற பெயர் அதில் வந்ததுதான்.

பணமும் இங்கேதான் புரண்டது. கடற்கரைச் சாலையில் இருந்த அர்பத்நாட் கம்பெனி 1906இல் திவாலாகி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது, அந்தச் சூட்டில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

சரி, போனது எப்படி? பெரிய கடைகள் மவுண்ட் ரோட்டுக்கும், துணி, நகை வாங்கும் கூட்டம் தி.நகருக்கும் மெல்ல மெல்ல நகர்ந்தன. 1996இல் கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது, 2002இல் பிராட்வேயிலிருந்து வெளியூர் பஸ்களும் அங்கேயே போயின. பஸ் போனது பெரிய அடி என்பது என் எண்ணம். அதுவரை வெளியூர்க் கடைக்காரர் காலையில் வந்து இறங்கி, நடந்தே கொள்முதலை முடித்துவிட்டு, மூட்டையோடு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சும் 2015இல் மூடியாயிற்று.

ஆனால் கழற்ற முடியாத ஒன்று இருக்கிறது. தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு என்றால் பேப்பர், கல்யாணப் பத்திரிகை. தேவராஜ முதலி தெரு என்றால் வளையல், கண்ணாடி. எங்கள் கடையில் ஒருவர் குறிப்பிட்ட மஞ்சள் ஷேடில் முந்நூறு கார்டு கேட்பார், எங்களிடம் இருநூறுதான் இருக்கும். முதலாளி முகம் மாறாமல் "பத்து நிமிஷம் உட்காருங்க, குடோன்ல இருந்து வருது" என்பார். குடோனாவது ஒன்றாவது! எதிர்க்கடைக்கு நான்தான் ஓடுவேன். ஒரு துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தால் மீதி நூறு கார்டு கைக்கு வந்துவிடும், காசு சாயங்காலம். போட்டிக்காரன்தான், ஆனால் அவன் பையன் நாளைக்கு எங்கள் வாசலில் நிற்பான். தனியாக ஓர் இடத்தில் கடை போட்டால் இந்த ஓட்டம் நடக்காது, அதனால்தான் இடநெருக்கடி, மீன்பாடி வண்டி, தலைச்சுமை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத சந்துகள் அவை, அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வியாபாரம் பார்க்க வேண்டுமானால் வாரநாளில் பதினோரு மணிக்குப் போங்கள். கட்டடம் பார்க்க ஞாயிறு காலைதான் நல்லது, பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், அண்ணாந்து பார்க்க இடம் கிடைக்கும். அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியன் சர்ச், கந்தகோட்டம் முருகன் கோயில், பவளக்காரத் தெரு எல்லாம் நடக்கிற தூரம்தான். காரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மெட்ரோவில் ஹைகோர்ட்டிலோ மண்ணடியிலோ இறங்கிக்கொள்ளுங்கள்.