தட்டில் துள்ளுவது எது?

கேள்வி: ஜன்னலோரத்தில் மணிபிளான்ட்டும் பீஸ் லில்லியும் வைத்திருக்கிறேன். நேற்றுத் தண்ணீர் ஊற்றிய சிறிது நேரத்தில், தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. விரலால் தொட்டால் துள்ளுகின்றன. செடிகள் வாடவில்லை. பூச்சிமருந்து வாங்கிவிட்டேன். எவ்வளவு கலக்க வேண்டும்? அல்லது மண்ணோடு எறிந்துவிடலாமா? - ஒரு வாசகி

பதில்: மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள், சகோதரி. எறியவும் வேண்டாம். "துள்ளுகின்றன" என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். அவை ஸ்பிரிங்டெயில்கள். பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், இறகு கிடையாது. வயிற்றுக்கு அடியில் கவட்டை போன்ற ஓர் உறுப்பு மடங்கிக் கிடக்கும். ஆபத்து என்று தோன்றியதும் அது விடுபட்டுத் தரையை அடிக்க, உடல் எகிறிப் போகும். மேல்தோலில் நீர் ஒட்டாது. அதனால்தான் மூழ்காமல் மிதந்தன.

நேற்றுதான் வந்தன என்று நினைக்காதீர்கள். மண்ணுக்குள் முன்பே இருந்தவற்றை நீங்கள் ஊற்றிய தண்ணீர் வெளியே தள்ளியிருக்கிறது. பூஞ்சை, பாசி, மட்கும் இலை ஆகியவைதான் அவற்றின் உணவு. நல்ல வேரைத் தின்று செடியைச் சாய்ப்பதில்லை. மிக அதிகமாகப் பெருகினால் இளம் நாற்றுகளைக் கொறிக்கலாம், அவ்வளவுதான். மனிதரைக் கடிக்காது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்துப் பாறையில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான ஸ்பிரிங்டெயில் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மண்ணில் குடியிருந்த உயிர் இது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் வளர்த்த பெரணி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் தட்டில் இதே பூச்சிகளைக் கண்டு பதறி, அளவு பார்க்காமல் மருந்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலைநுனிகள் கருகின. பிறகு தண்டும் போயிற்று. மற்றத் தொட்டிகளில் ஒரே மாதத்தில் பூச்சிகள் திரும்பி வந்தன, ஏனென்றால் மண் அதே ஈரத்தோடுதான் இருந்தது. அந்தப் பெரணியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நீங்கள் குறைக்க வேண்டியது ஈரத்தை. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். அதில் படிந்த வழவழப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். மண்மேல் உதிர்ந்து கிடக்கும் இலைகளை அகற்றுங்கள். மணிபிளான்ட்டுக்கு, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பீஸ் லில்லியை அவ்வளவு காயவிடாதீர்கள். மேல்மண் உலர்ந்ததும் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

துள்ளாத ஒன்று கண்ணில் பட்டால் ஒரு கரண்டி மண்ணை வெள்ளைத் தாளில் பரப்பி உருப்பெருக்கியால் பாருங்கள். எட்டுக் கால்களோடு மெல்ல ஊரும் பழுப்பு உருண்டைகள் மட்குண்ணும் மண் உண்ணிகள், விட்டுவிடலாம். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் பஞ்சு போல் வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது வேர் மாவுப்பூச்சி. வேரிலிருந்து சாற்றை உறிஞ்சும். அந்தச் செடியை உடனே தனியே வைத்து, பழைய மண் முழுவதையும் உதறி, வேரை ஓடும் நீரில் கழுவி, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை வேறு எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள்.

கேள்வி: தொட்டியை நகர்த்தினால் கொசு போன்ற கறுப்புப் பூச்சிகள் எழும்புகின்றன. கிண்ணத்தில் வினிகர் வைத்தும் குறையவில்லையே? - ஒரு வாசகர்

பதில்: வினிகர் பழ ஈக்களுக்கு உரியது. உங்கள் வீட்டில் இருப்பவை பெரும்பாலும் பூஞ்சை ஈக்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை பறப்பவற்றைப் பிடிக்கும். ஆனால் மண்ணில் இருக்கும் புழுக்கள்தான் பூஞ்சையோடு வேர்த்தூவிகளையும் தின்கின்றன. உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் பதித்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

மேல்மண்ணை நன்றாகக் காயவிடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியாத் தூளை நீரில் கலந்து ஊற்றலாம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டறியப்பட்ட இது கொசுப்புழுக்களைக் கொல்லப் பயன்படுவது. பூஞ்சை ஈயின் புழுவையும் கொல்லும், முட்டையையும் பறக்கும் ஈயையும் தொடாது. மண்ணில் அதன் வலு சில நாள்தான் நீடிக்கும். அறை வெப்பத்தில் முட்டை ஈயாக மாற மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை வீதம் ஒரு மாதம் விடாமல் ஊற்றுங்கள். கிழங்குத் துண்டை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அங்கேயே அழுகினால் புழுக்களுக்கு அதுவே உணவாகிவிடும்.